புகார் கொடுத்தவரே பொறுப்பாளி

எண்பதுகளில் தருமபுரி மாவட்டத்தில் நான் நன்னடத்தை அலுவலர். வழக்கில் சிக்கிய சிறுவனைச் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பலாமா, வீட்டிலேயே விட்டுக் கண்காணிக்கலாமா என்று விசாரித்து நீதிமன்றத்துக்குச் சொல்ல வேண்டும். வீட்டில் விட்டால் மாதாமாதம் போய்ப் பார்க்க வேண்டும். அடுத்தவர் குடும்பத்தில் மூக்கை நுழைக்கச் சம்பளமும் கொடுக்கிறார்களே என்று என் மனைவி கேலி செய்வாள். நுழைத்த இடத்திலெல்லாம் ஏதோ கொஞ்சம் புரியத்தான் செய்தது. பென்னாகரத்துப் பக்கத்துப் பையன் ஒருவன் விஷயத்தில் மட்டும் எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை.

அவனுக்குப் பதினைந்து வயதிருக்கும். தாய்மாமனின் பட்டியிலிருந்து ஒரு கிடாவை ஓட்டிப்போய்ப் பாப்பாரப்பட்டிச் சந்தையில் விற்றுவிட்டான். மாமன் நேராகக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார். ஏன்டா திருடினாய் என்று கேட்டேன். விவரம் கெட்டவனைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தான்.

"மாமன் கெடாவ ஓட்டினா அது திருட்டாங்க சார்?"

அங்கே காது குத்த மாமன் மடி வேண்டும், கல்யாணத்துக்கு மாமன் சீர் வேண்டும். மாமன் பட்டியில் தனக்கும் பாத்தியதை உண்டென்று அவன் நினைத்திருக்கிறான். சட்டம் அப்படி நினைக்கவில்லை. நான் இரண்டுக்கும் நடுவில் நின்று முழித்தேன்.

அவனுக்கு அப்பா இல்லை. அம்மா பெங்களூரில் சித்தாள் வேலைக்குப் போய்விட்டாள். பொறுப்பேற்க யாரும் வராவிட்டால் சீர்திருத்தப் பள்ளிதான். விசாரணை நாளில், மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு ஒருவர் வந்து நின்றார். பார்த்தால், புகார் கொடுத்த அதே மாமன்! அப்புறம் எதற்கய்யா ஸ்டேஷனுக்குப் போனீர் என்று எரிந்து விழுந்தேன். கேட்காமல் ஓட்டிப்போனது தப்பு என்றார். அதற்காக அக்கா மகனை ஊரான் கையில் விட்டுவிட முடியுமா என்று என்னையே திருப்பிக் கேட்டார். நீதிபதிக்கும் குழப்பம்தான். கடைசியில் ஓராண்டுக்கு மாமன் வீட்டில் இருக்கட்டும், நான் கண்காணிக்கட்டும் என்று முடிவானது.

நான் போகும்போதெல்லாம் மாமன் கட்டிலை இழுத்துப் போடுவார். பையன் மோர் கொண்டுவருவான். ஒழுங்காக இருக்கிறானா என்று கேட்டால், நீயே சொல்லுடா என்பார் அவர். நல்லாத்தானே இருக்கேன் மாமா என்பான் அவன். பிறகு மழை, தீவனம், சினையாடு என்று இருவரும் என்னை மறந்து பேசிக்கொண்டிருப்பார்கள். அடிக்கிற கைதான் அணைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள் என்று எனக்குள் சொல்லிக்கொண்டு பஸ் ஏறுவேன். அறிக்கையிலும் நல்ல முன்னேற்றம் என்றே எழுதினேன்.

கெடு முடிந்ததும், இனி நான் வரத் தேவையில்லை என்று சொல்லப் போனேன். பையன் ஆடு மேய்க்கப் போயிருந்தான். மாமன் முகத்தில் சந்தோஷமே இல்லை. இன்னும் ஒரு வருஷம் நீட்டச் சொல்லி எழுத முடியுமா என்று கேட்டார். மறுபடி எதையாவது எடுத்துவிட்டானா என்று பதறினேன். அதெல்லாம் இல்லையென்று தலையாட்டினார்.

"நீங்க வர்ற அன்னிக்கித்தாங்க சார் அவன் எங்கிட்டப் பேசறான். நீங்க பஸ் ஏறிட்டா, அடுத்த வாட்டி நீங்க வர்ற வரைக்கும் வூட்ல ஒரு வார்த்த இல்லீங்க."

அப்படியென்றால் இத்தனை மாதம் நான் பார்த்தது என்ன? எனக்குப் பயந்து பேசினானா? மாமனுக்குக் கெட்ட பெயர் வரக்கூடாதென்று பேசினானா? அல்லது பேசுவதற்கு அவனுக்கும் ஒரு சாக்கு வேண்டியிருந்ததா? கேட்கலாமென்றால், யாரிடம் கேட்பது?

அதற்குள் மேட்டில் ஆடுகள் தெரிந்தன. வாசலில் கட்டில் கிடப்பதைப் பார்த்திருப்பான் போல.

"மாமா, சார் வந்திருக்காருங்களா?" என்று தூரத்திலிருந்தே குரல் கொடுத்தான்.

மாமன் அவசரமாக எழுந்து, ஆமாண்டா, சீக்கிரம் வா என்றார். பிறகு என் பக்கம் குனிந்தார்.

"முடிஞ்சிபோச்சின்னு இன்னிக்கிச் சொல்லாதீங்க சார்."

நான் சொல்லவில்லை. அடுத்த மாதமும் போனேன். எந்தச் சட்டப்படி போனேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.