ஓரகத்தியின் காகித ஆடு

சில வருடங்களுக்கு முன்பு, கிறிஸ்துமஸ் நெருங்கிக்கொண்டிருந்த நாட்களில், ராயபுரத்தில் எங்கள் தெருவில் நடந்தது இது. தெருக்காரர்கள் சேர்ந்து வருடா வருடம் முனையில் ஏசு பிறந்த தொழுவம் மாதிரி ஒரு குடில் போடுவோம். அதற்கான நட்சத்திரம், புறா, பூ எல்லாமே காகிதத்தில் நான் மடித்துக் கொடுப்பதுதான். கத்தரியும் பசையும் இல்லாமல் ஒரே காகிதத்தை மடித்து உருவம் செய்கிற ஒரிகாமி என்றால் எனக்குப் பைத்தியம். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் வேலை பார்க்கிறேன். அங்கே கம்ப்யூட்டர் படுத்துவிடுகிற நேரங்களில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டது. தெருவில் என் பெயரே பேப்பர் அக்காதான். அந்தப் பெயரில் எனக்கு ஏகப்பட்ட பெருமை.

அந்தப் பெருமைக்கு வேட்டு வைக்க வந்தவள் என் ஓரகத்தி. கொழுந்தனைக் கட்டிக்கொண்டு புளியந்தோப்பிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தாள். வந்த புதிதில் தனக்கும் கற்றுக்கொடுக்கச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நானும் பெரிய மனசு பண்ணி ஒரு தவளை மடிக்கச் சொல்லிக் கொடுத்தேன். கொஞ்ச நாளிலேயே அவளாக யோசித்து நண்டு செய்கிறாள், மயில் செய்கிறாள். நான் வீடியோவில் பார்ப்பதை அச்சு பிசகாமல் மடிப்பேன். சொந்தமாக ஒன்று யோசி என்றால் முழி பிதுங்கிவிடும். அவளுக்கு அது தண்ணி பட்ட பாடு.

வயிறு எரிந்தது. பொய் சொல்வானேன்? என் மாமியார் என்னுடைய கொக்கை ஃபிரிட்ஜ் மேல் வைத்திருந்தார். அவளுடைய மயிலை டிவி பக்கத்தில், வருகிறவர் கண்ணில் படுகிற மாதிரி வைத்தார். நான் பெற்ற மகளே ஸ்கூலுக்கு எடுத்துப்போனது சித்தி செய்த நண்டைத்தான். அன்றைக்கு முழுக்க நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

அந்த வருடம் பார்த்து, குடிலில் வைக்கிற பொம்மை ஆடுகள் எல்லாம் கால் உடைந்து, சாயம் போய்க் கிடந்தன. காகித ஆடுகளையே மந்தையாக நிறுத்திவிடலாம் என்று முடிவானது. யார் உருவாக்கிய ஆட்டை வைப்பது என்பதற்கு ஒரு சின்னப் போட்டி. பரிசெல்லாம் கிடையாது. ஜெயிக்கிற ஆட்டைத் தெருவே சேர்ந்து மடித்துக் குடிலில் வைக்கும், அவ்வளவுதான். ஆனால் அவள் ஜெயித்தால் அந்த மந்தை முழுக்க அவளுடையது. பேப்பர் அக்கா என்கிற பெயர் அதோடு போச்சு. எனக்கு அது போதும், தூக்கம் போய்விட்டது.

நடுவராகப் பேப்பர் கடை அண்ணாச்சியைக் கேட்டுக்கொண்டோம். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். எங்கள் தெருவில் யாருக்கும் சொந்தமில்லை, குடில் சண்டைகளில் தலையிட்டதும் இல்லை. அதனால் ஒருபக்கம் சாய மாட்டார் என்று எல்லோருக்கும் நம்பிக்கை. விதிகளை எழுதுகிற பொறுப்பு, அனுபவசாலி என்று சொல்லி, என் தலையில் வந்து விழுந்தது. நான் வேண்டாம் என்று சொல்வேனா?

ஒரே சதுரக் காகிதம், வெட்டக் கூடாது, ஒட்டக் கூடாது என்பதெல்லாம் எல்லோரும் சொன்னதுதான். நான் ராத்திரி பகலாக யோசித்தது வேறு. எந்த விதியைப் போட்டால் இவள் மாட்டுவாள்? அவளிடம் ஒரு குறை இருந்தது. தான் செய்ததை அவளுக்குச் சொல்லத் தெரியாது. எப்படி மடித்தாய் என்று கேட்டால், "தெர்லக்கா, கை அதுவா போவுது" என்று சிரிப்பாள். அதைப் பிடித்துக்கொண்டேன். போட்டிக்கு வைக்கிற ஆட்டை உருவாக்கியவர் மடிக்கக் கூடாது. சீட்டுக் குலுக்கிப் போட்டு, போட்டியில் இருக்கிற வேறொருவர் மடிக்க வேண்டும். உருவாக்கியவர் எதிரில் உட்கார்ந்து வாயால் சொல்லலாம், காகிதத்தைத் தொடக் கூடாது. எப்படியும் தெருவே மடிக்கப்போகிற ஆடுதானே, அடுத்தவர் கைக்கு வராத ஆடு எதற்கு என்று காரணமும் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். ரொம்ப நியாயமான விதி என்று அண்ணாச்சி பாராட்டவே செய்தார். அவர் பங்குக்கு ஒன்று சேர்த்தார். "தெருமுனையில வைக்கப்போறது. கடல்காத்துல நிக்க வேண்டாமா? ஃபேனப் போட்டுப் பாப்போம்" என்றார்.

போட்டிக்கு நாலைந்து பேர்தான். நானும் தட்டுத்தடுமாறி ஒரு ஆட்டை உருவாக்கி வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, அண்ணாச்சி கடை மாடியில் கூடினோம். சீட்டுக் குலுக்கினார்கள். என் ஆடு, துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவருக்குப் போனது. நான் எடுத்த சீட்டைப் பிரித்தால், ஓரகத்தி பெயர்.

அண்ணாச்சி யோசித்தார். "ஒரே வீட்டு ஆளுங்களா இருக்கீங்க. சீட்ட மாத்திப் போடணுமாம்மா?" என்று என்னைக் கேட்டார். நியாயமாகப் பார்த்தால் மாற்றத்தான் வேண்டும். வேண்டாம், இருக்கட்டும் என்றேன். ஏன் சொன்னேன் என்று எனக்குத் தெரியும். அவளுடைய ஆடு என் கைக்குள் வந்துவிட்டது. அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

அவள் எதிரில் உட்கார்ந்தாள். தொட்டுவிடுவோமோ என்ற பயத்தில் இரண்டு கைகளையும் துப்பட்டாவுக்குள் சுருட்டிக்கொண்டாள். ஆரம்பத்தில் திணறினாள். அத்த இப்டி, இத்த அப்டி என்று இழுத்தாள். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. அப்புறம் என்ன தோன்றியதோ, காகிதத்தை மறந்துவிட்டு வீட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். "மொட்ட மாடில பெட்சீட்டு மடிக்கசொல்லோ ஒரு மூல நீ புடிப்ப, ஒரு மூல நான் புடிப்பேன்ல, அந்த மாதிரி" என்றாள். புரிந்துவிட்டது. அத்தை புடவைக்குக் கொசுவம் வைப்பது மாதிரி என்றாள். மாமியார் வைப்பது உள்பக்கமாகச் சாய்ந்திருக்கும், அது எங்கள் இரண்டு பேருக்கும்தான் தெரியும். மடித்தேன். அவள் வாயைத் திறப்பதற்குள் என் விரல் போக ஆரம்பித்தது. எங்கள் பேச்சு சுற்றி இருந்தவர்கள் யாருக்கும் விளங்கவில்லை.

கால் மடிப்பு வந்தது. "மூல வரிக்கும் போவாதக்கா. இம்மாத்தூண்டு வுட்டுட்டு மடி" என்றாள்.

அந்த இடத்தில் என் கட்டைவிரல் நின்றது. மூலை வரைக்கும் அழுத்திவிட்டால் கால் ஒல்லியாகிவிடும். ஃபேன் போட்டதும் ஆடு குப்புற விழும். பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. எதிரில் இருக்கிற அவளுக்கும், என் கை மறைப்பதால், தெரியப்போவதில்லை. நான் எவ்வளவு நேரம் அப்படி வைத்திருந்தேனோ, அவள் அவசரப்படுத்தவே இல்லை.

விட்டுத்தான் மடித்தேன். நல்ல மனசு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இந்தக் கால் இப்படி மடிந்தால் இந்த ஆடு நிற்குமா, எப்படி நிற்கும் என்று பார்க்கிற ஆசை என்னைப் பிடித்துக்கொண்டது. காகிதம் மடிக்கிறவர்களுக்குத்தான் அந்த ஆசை புரியும். கடைசியில் ஆட்டின் தலையைத் திருப்பி மடித்தேன். பின்னால் வருகிற குட்டியைப் பார்ப்பது போல் அந்த ஆடு திரும்பிப் பார்த்தது. என் கையிலேயே, நான் மடித்தே, இது எனக்குத் தோன்றவில்லையே என்று பொறாமை இன்னும் ஒரு படி ஏறியது.

அண்ணாச்சி ஃபேனைப் போட்டார். பெரியவர் மடித்த என் ஆடு முதல் காற்றிலேயே மல்லாந்துவிட்டது. மற்றதெல்லாம் மேஜையை விட்டே பறந்தன. அவளுடையது ஆடியது, நின்றது. அண்ணாச்சி இன்னும் வேகம் கூட்டினார். அப்போதும் நின்றது. கைதட்டினார்கள். நானும் தட்டினேன், தட்டாமல் இருந்தால் நன்றாக இருக்காதே.

வீட்டுக்குத் திரும்பும்போது தெரு நெடுக கன்டெய்னர் லாரிகள் நின்றிருந்தன. இடுக்கில் புகுந்து ஒருவர் பின் ஒருவராக நடந்தோம். முன்னால் போன அவள் திரும்பாமலே சொன்னாள். "நான் மடிச்சப்போலாம் அது வுழுந்துகினே இர்ந்துச்சுக்கா. ஒன் கையிலதான் நின்னுச்சு."

கொஞ்ச தூரம் போய், "நான் ஒளர்றது வேற யாருக்கும் பிர்யாது. என் பேரு போட்ட சீட்டு ஒன் கைக்குதான் வரணும்னு மாதாவ வேண்டிகினேன். நீயும் மாத்த வேணாம்னு சொல்ட்ட" என்றாள்.

எனக்கு அங்கேயே ஒரு லாரிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாமா என்று இருந்தது. அந்தச் சீட்டை அவள் எதற்கு வேண்டிக்கொண்டாள், நான் எதற்கு விடாமல் வைத்துக்கொண்டேன்? அவளிடம் சொல்லவும் முடியவில்லை. அவள் பேசிக்கொண்டே போனாள்.

அந்த டிசம்பரில் தெருவே அவளுடைய ஆட்டை மடித்தது. எப்படி மடிப்பது என்று அவளால் சொல்ல முடியாததால், அத்தனை பேருக்கும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அதற்காக என் பொறாமை தீர்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். இன்றைக்கும் அவள் புதிதாக ஒன்றை மடித்து நீட்டினால் வயிறு எரியத்தான் செய்கிறது. ஆனால் எரிகிற வயிற்றோடே பக்கத்தில் போய் உட்கார்ந்து, எப்படி மடித்தாய் சொல்லு என்று ஒரு காகிதத்தை எடுத்துக்கொள்கிறேன்.