ஹெட்மாஸ்டரின் ஒரே மாணவி

அச்சுக்கடைக்காரருக்கு ‘ஹெட்மாஸ்டர்’ என்று பெயர் வந்தது, பத்து வயது மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திய பிறகுதான். “பிள்ளைங்கள மந்தை மாதிரி நடத்துறாங்க. இனி என் பொண்ணு சுதந்திரமா வீட்டுல படிப்பா” என்று தெரு முழுக்கச் சொன்னார்.

கீழே கடை, மாடியில் வீடு. ஒரே வாரத்தில் மாடிச் சுவரில் கால அட்டவணை ஏறியது, லேமினேட் செய்து. முக்கால் மணிக்கொரு முறை அவருடைய போன் மணியடிக்கும். தினமும் காலையில் வருகைப் பதிவு உண்டு. இருப்பது ஒரே மாணவி என்றாலும் பெயர் கூப்பிட்டு, பதில் வந்த பிறகுதான் டிக் போடுவார். மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது விடுப்புக் கடிதம் கேட்டார். பெற்றோர் கையெழுத்து இல்லையென்று அதைத் திருப்பியும் கொடுத்தார்.

இந்தக் கெடுபிடிக்கு நடுவில், வீட்டுக்கல்விப் பெற்றோருக்காகப் போனில் ஒரு குழுவும் நடத்தினார். ‘குழந்தையை அதன் போக்கில் விடுங்கள்’ என்று அன்றாடம் அறிவுரை போகும். நூறு பேர் கைதட்டுவார்கள்.

பின்னக் கணக்கில் மகள் மூன்று வாரம் சிக்கிக்கொண்டாள். “மண்டையில ஏறுதா இல்லையா?” என்று அட்டவணைப்படி கேட்டுவிட்டு அவர் கடைக்கு இறங்குவார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அம்மா துணி தைக்கும் அறைக்குப் போவாள்.

“ரெண்டேகால் மீட்டர் இருக்கு. ஒரே அளவுல மூணு தலையணை உறை வேணும். எங்க வெட்டணும்னு நீ சொல்லு” என்றாள் அம்மா ஒருநாள்.

மகள் தவறாகச் சொன்னாள். அம்மா அப்படியே வெட்டினாள். மூன்றாவது உறைக்குத் துணி பற்றவில்லை.

“துணி போனா போகுது. ஏன் பத்தலன்னு பாரு.”

மகள் அளவு நாடாவை விரித்து வெகுநேரம் பார்த்தாள். “ஒண்ணு ஒண்ணும் முக்கால்மா” என்றாள். அன்று அழவில்லை.

குழுவிலிருந்த நர்ஸ் ஒருத்தி யோசனை கேட்க நேரில் வந்தாள். ஹெட்மாஸ்டர் அரைமணி நேரம் அட்டவணையை விளக்கினார். அவள் சிறுமியிடம் திரும்பி, “உனக்கு எந்த வகுப்பு பிடிக்கும்?” என்றாள்.

“அப்பா கடைக்குப் போனதும் நடக்குற வகுப்பு.”

நர்ஸ் தையல் அறைக்குள் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டாள்.

“ரொம்ப நேரம் புடிச்சு வைக்காதீங்க. தப்பு பண்ண விடுங்க. நமக்குத் தெரியலன்னா தெரியலன்னு சொல்லிடணும்” என்றாள் அம்மா, ஊசியில் நூல் கோத்தபடி. “அதுதான் கஷ்டம். இவருக்கு இன்னும் வரல.”

கதவுக்கு வெளியே ஹெட்மாஸ்டர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். மாலையில் குழுவில் பதிவு வந்தது: ‘துணி வழியே பின்னம்: நான் கண்டறிந்த புதிய முறை.’ கீழே எடுத்துக்காட்டு: இரண்டேகால் மீட்டரை மூன்றாக வெட்டினால் ஒவ்வொன்றும் ஒன்றேகால்.

நூறு பேரும் கைதட்டினார்கள். மகள் மட்டும் அம்மாவின் போனை வாங்கிப் பார்த்துவிட்டு எழுந்து போனாள்.

“அப்பா, அது முக்கால்.”

அவர் பதிவை அழித்தார். “அச்சுப் பிழை” என்றார்.

மறுநாள் நர்ஸ் குழுவிலேயே கேட்டாள்: “அண்ணா, அண்ணியையும் இதுல சேர்க்கலாமே?”

நூறு பேர் பார்க்கக் கேட்டதால் தட்டிக்கழிக்க முடியவில்லை. இரண்டு நாள் யோசித்துச் சேர்த்தார். ஆனால் அம்மா எது எழுதினாலும் முதலில் அவருக்கு அனுப்பி அனுமதி வாங்க வேண்டும் என்று விதி போட்டார். அவள் சிரித்துக்கொண்டே சரியென்றாள். அன்றிலிருந்து சந்தேகம் உள்ள பெற்றோர் யாரும் குழுவில் கேட்பதில்லை. நேராகத் தையல் அறைக்கு வந்துவிடுகிறார்கள்.