சுவர் இல்லாத வீட்டின் கேட்

பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்த சமயத்தில், ஊரைவிட்டுப் போகும் ஒரு துரை வீட்டு ஏலத்தில் என் வீட்டுக்காரர் ஒரு இரும்பு கேட் எடுத்தார். பணம் போதவில்லை என்று எங்கள் புது வீட்டின் பாதிக் கூரைக்கு ஓலை போட்டவரும் அதே மனிதர்தான். கேட்டின் உச்சியில் இரும்புக் கொடி, இரும்புப் பூ. பக்கத்தில் சங்கிலி கட்டிய மணி. மாட்டுவண்டியில் அதை ஏற்றிக்கொண்டு வந்தபோது அவர் முகத்தில் இருந்த பூரிப்பு எங்கள் கல்யாண போட்டோவில் கிடையாது.

எங்கள் மனை டவுனுக்கு வெளியே, சாரம் கிராமத்துக்கு மேற்கே, வெறும் மணல்காட்டில் இருந்தது. கண்ணுக்கு எட்டிய வரைக்கும் மணலும் உடைமுள்ளும் பனையும்தான். டவுனில் கடைத்தெருவுக்குப் பின்னால் குடியிருந்தவள் நான். வாசலுக்கு வந்தால் கீரைக்காரி, பத்தடி போனால் தெருக்குழாய். இங்கே காலையில் பெருக்கிய மணல் மத்தியானச் சோற்றில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

சுவர் எழுப்பக் காசில்லை. ஆனாலும் இரண்டு தூண் கட்டி கேட்டை நிறுத்திவிட்டார். இரண்டு பக்கமும் திறந்த வெளி, நடுவில் கேட். அதற்கு ஒரு பூட்டு வேறு. பிரெஞ்சு ஆபீசில் குமாஸ்தா வேலை பார்த்ததில் அவருக்கு ஒட்டிக்கொண்ட ஒழுங்கு அது. தினமும் பூட்டைத் திறந்து, சைக்கிளை உள்ளே தள்ளி, மறுபடி பூட்டுவார். பக்கத்திலேயே ஆடுகள் சுற்றிக்கொண்டு போய் என் துளசிச் செடியை மேயும்.

"ஏங்க, யாரு வரக்கூடாதுன்னு பூட்டுறீங்க?"

"வர்றவன் மணி அடிச்சிட்டு வரணும். அதுதான் மரியாதை."

அடிக்கத்தான் ஆளில்லை. கூப்பிடு தூரத்தில் ஒரே ஒரு குடியானவர் வீடு. மணிலாக்கடலை பயிர் போடுகிறவர்கள், ஆடு வைத்திருப்பவர்கள். அந்த வீட்டுக்கார அம்மாவுக்கு என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும்.

டவுனிலிருந்து கொண்டுபோன தண்ணீரில் கைகால் கழுவி, பால் காய்ச்சிக் குடியேறினோம். மறுநாள் விடிந்ததும் கோலம் போட வெளியே வந்த நான் அலறினேன். கேட்டுக்கு வெளியே ஒரு மண்குடம். கழுத்தில் மஞ்சள் கட்டிய நூல், வாயில் வேப்பிலைக் கொத்து, உள்ளே தளும்பத் தளும்பத் தண்ணீர்.

"செய்வினை!" என்றேன்.

"மூடநம்பிக்கை," என்றார் அவர். சொல்லிவிட்டு நாலடி பின்னால் போனார்.

கடைசியில் மூங்கில் தடியை எடுத்து, கேட்டின் கம்பி வழியாக நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு ஒரே போடு. குடம் மூன்றாக உடைந்தது. தண்ணீரை மணல் ஒரு நொடியில் குடித்துவிட்டது. நான் அவருக்கு உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டேன். 'மூடநம்பிக்கை' என்றவர் மூன்று தரம் துப்பவும் செய்தார். அப்போது ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்து நின்ற பக்கத்து வீட்டம்மா எங்களையே பார்த்தாள். வைத்தவள் இவள்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். வேறு வீடே இல்லையே.

அதற்கப்புறம் கிணறு வெட்டினோம். உப்புத் தண்ணீர். பருப்பு வேகவில்லை, சோப்பு நுரைக்கவில்லை. ஆறு மாதப் பிள்ளைக்கு உடம்பெல்லாம் சொறி. அவர் தினமும் டவுன் குழாயிலிருந்து இரண்டு கிரசின் டின்னில் தண்ணீர் பிடித்து சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார். பாதி மணலுக்கு, மீதி எங்களுக்கு. பக்கத்து வீட்டுக் கிணறு நல்ல தண்ணீர்க் கிணறு. அவர்கள் ஏற்றம் இறைப்பது என் அடுப்படியிலிருந்தே கேட்கும். செய்வினைக்காரி வீட்டுத் தண்ணீரைக் குடிப்பதா என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். வீம்புக்கு நான் குறைந்தவளா?

"இந்த மாசம் முடியறதுக்குள்ள நல்ல தண்ணி வரலைன்னா, பிள்ளையத் தூக்கிட்டு முதலியார்பேட்டை அம்மா வீட்டுக்குப் போறேன். நீங்களும் உங்க கேட்டும் குடித்தனம் பண்ணுங்க," என்று சொல்லிவிட்டேன். சும்மா மிரட்டவில்லை. துணியெல்லாம் மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கையில் சைக்கிள் மணலில் சறுக்கி, அவரும் டின்களும் ஒரே குவியலாக விழுந்தார்கள். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில். வீட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லை. பிள்ளை வீரிட்டது. பேயாவது பிசாசாவது என்று பிள்ளையை இடுப்பிலும் பித்தளைக் குடத்தைக் கையிலும் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு நடந்தேன். முழங்கால் சிராய்ப்போடு அவரும் பின்னால் நொண்டிக்கொண்டு வந்தார்.

அந்த அம்மா என் குடத்தைப் பார்த்தாள்.

"தண்ணி எடுத்துக்க. பித்தளைக் குடமா எடுத்தாந்ததும் நல்லதாப் போச்சு. மண்கொடத்ததான் நீங்க தடியால அடிச்சி ஒடைப்பீங்களே."

நான் குடத்தை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

"புதுசாக் குடி வர்றவங்களுக்கு மொதத் தண்ணி நாங்கதான் குடுப்போம். அது எங்க பழக்கம். விடியக்காலைல தூக்கியாந்தேன், பூட்டி வச்சிருந்தீங்க. கூப்பிட்டுப் பார்த்தேன், எழுந்துக்கல. நெறகொடத்தத் திருப்பித் தூக்கிட்டுப் போவக்கூடாதுன்னு வாசல்லயே வச்சிட்டு வந்தேன்."

"பக்கத்துல சுத்தி வந்திருக்கலாமேக்கா," என்றேன் அசடு வழிய.

"பூட்டின வாசலச் சுத்திப் பூந்து வர, நான் என்னா ஆடா?"

செத்துவிடலாம் போலிருந்தது. "செய்வினைன்னு நெனச்சிட்டோம்க்கா," என்று உள்ளதைச் சொன்னேன். அவள் என்னைப் பார்த்தாள், அவர் முழங்காலைப் பார்த்தாள், பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவளே இறைத்துக் குடத்தை நிரப்பி, அவர் கையில் கொடுத்தாள்.

"ஒடச்ச கைதான் தூக்கணும். வூட்டுக்குள்ள போற வரைக்கும் கீழ எறக்கக்கூடாது, தொர."

கைப்பிள்ளையைப் போல இரண்டு கையாலும் குடத்தை அணைத்துக்கொண்டு அவர் முன்னால் நடந்தார். பின்னால் நான், எனக்குப் பின்னால் அவள், அவளுக்குப் பின்னால் ஆடுகள். கேட்டுக்கு முன்னால் வந்ததும் நின்றார். சாவி சட்டைப் பையில். குடத்தை இறக்கக் கூடாது. என்னைப் பார்த்தார். நான் பிள்ளையின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, தூணைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்.

அவள் அசையவில்லை. கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள். உள்ளே குடத்தை இறக்கி வைத்துவிட்டு நொண்டியபடியே ஓடிவந்து, பூட்டைத் திறந்து, கேட்டை இரண்டு பக்கமும் விரியத் தள்ளினார். "வாங்கம்மா," என்றார். அவள் மணியை ஒரு தரம் அடித்துவிட்டு உள்ளே வந்தாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்றைக்கு அந்த வீட்டில் இரண்டாம் முறையாகப் பால் காய்ச்சினேன்.