ஒன் டவுன் ஆள்

1991இல் பென்னலூர்ப் பக்கம் நான் வேலை பார்த்த கம்பெனியின் கிரிக்கெட் அணியில், மூன்றாவதாக இறங்க வேண்டியவன் நான். முதலில் இறங்குபவர் எங்கள் சூப்பர்வைசர். அம்பயராக நின்றவன் அவருடைய லைனில் வேலை செய்பவன். ஸ்டம்புக்கு நேராக அவர் காலில் பந்து பட்டாலும் அவுட் என்று விரலைத் தூக்கமாட்டான். ஞாயிறு முழுக்க வெயிலில் பேட் கட்டி உட்கார்ந்தபடி அந்தக் கோழையைத் திட்டித் தீர்த்தேன்.

தண்ணீர் குடிக்க வந்த சூப்பர்வைசர் என் முகத்தைப் பார்த்தார். “இன்னாபா? மெட்ராஸ் டெஸ்ட்ல மொத விக்கெட்டுக்கே நானூத்திப் பதிமூணு. இன்னி வரிக்கும் வேர்ல்டு ரெக்கார்டு. அப்பவும் ஒன் டவுன் ஆளு குந்திக்கினுதான் இருந்தான்.”

அடுத்த ஞாயிறு என்னை அம்பயராக நிறுத்தினார்கள். இரண்டாவது பந்து அவர் காலில் பட்டது. எதிரணி மொத்தமும் கத்தியது. என் கை பாக்கெட்டை விட்டு வரவே இல்லை.