டாக்டரிடம் நான் சித்தி மகள்

என் அப்பாவுக்கு ஒரே பிள்ளை, அதுவும் பையன் என்று அவரே ஒரு டாக்டரிடம் சொன்னபோது நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் நடுவில் மைசூரில் நடந்த கதை. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்பா தமிழ்நாட்டு எல்லையோரத்து மார்டள்ளி கிராமத்திலிருந்து பிழைக்க வந்தவர். விஜயநகரில் புதிது புதிதாக எழும்பிய வீடுகளுக்கு மேஸ்திரி. ஒருநாள் சாரத்தில் ஏறும்போது கண்ணை இருட்டிக்கொண்டு வருகிறது என்று பாதியில் இறங்கி மணல் குவியலில் உட்கார்ந்துவிட்டார். அதற்கு முந்தின வருஷம்தான் ஊரில் கபடி ஆடிக்கொண்டிருந்த சித்தப்பா, கோட்டைத் தாண்டி வந்து விழுந்தவர் எழுந்திருக்கவே இல்லை. முனி அடித்துவிட்டது என்று ஊரே சொன்னது. கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த ஆளை அடித்துப்போடும் அளவுக்கு முனிக்கு அவர்மேல் என்ன கோபம் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கிடா வெட்டினார்கள், சாப்பிட்டார்கள், கலைந்து போனார்கள்.

அப்பா கட்டிக்கொண்டிருந்த வீட்டின் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற வாத்தியார். சித்தப்பா கதையைக் கேட்டுப் பயந்துபோய், அப்பாவை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். முதலில் நெஞ்சில் பசை தடவிப் படம் பார்த்தார்கள். இன்னொரு நாள், ஓடும் பட்டையின்மேல் நடக்கவிட்டுப் பார்க்கும் சோதனை என்றார்கள். எங்கள் வீட்டில் அதைப் பரீட்சை என்றே புரிந்துகொண்டோம். பாஸானால் சாரம் ஏறலாம், இல்லாவிட்டால் கூடாது. அதனால் அப்பா ஒரு வாரம் விடியற்காலையில் சாமுண்டி மலைப் படி ஏறிப் பழகினார். சந்தேகத்தின்பேரில் இதயத்தைச் சோதிக்க வரச்சொன்னால், அதற்கு முன்னால் மலை ஏறிப் பயிற்சி எடுத்த புத்திசாலி எங்கள் அப்பா ஒருவராகத்தான் இருப்பார். வழியில் நெஞ்சை அடைத்தபோதெல்லாம் உட்கார்ந்து எழுந்ததை அப்போது அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

பரீட்சை நாளன்று தம்பியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு அம்மாவும் நானும் கூடப் போனோம். சட்டையில்லாத நெஞ்சில் ஒயர்கள் தொங்க அப்பா பட்டையில் ஏறினார். அது வேகமெடுத்தது, மேடாகவும் ஆனது. அவர் நன்றாகத்தான் நடந்தார். ரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டே இருந்த டாக்டர் சட்டென்று நிறுத்தச் சொல்லிவிட்டார். இன்னும் நடப்பேன் சார் என்று அப்பா கெஞ்சியும் கேட்கவில்லை. நேரம் முடியும் முன்பே விடைத்தாளைப் பிடுங்கிவிட்டார் என்று எனக்கு அவர்மேல் ஆத்திரமான ஆத்திரம்.

அப்பாவை உட்காரவைத்துவிட்டு டாக்டர் கன்னடத்தில் விளக்கினார். இதயத்தின் சுவர் தடித்திருக்கிறது. நடக்க நடக்க ஏற வேண்டிய அழுத்தம் இவருக்கு இறங்குகிறது, அது நல்ல அறிகுறி இல்லை. மாத்திரையை விடக்கூடாது, ஓடக்கூடாது, பளு தூக்கக்கூடாது, சாரம் ஏறவே கூடாது. இவர் தம்பி, அதாவது எங்கள் சித்தப்பா, போனதும் அநேகமாக இதனால்தான். இது குடும்ப ரத்தத்தில் வருவது, பிள்ளைகளையும் பார்த்துவிட வேண்டும், எத்தனை பேர் என்று கேட்டார்.

"ஒப்பனே மக சார்," என்றார் அப்பா. ஒரே பையன்.

டாக்டர் என் பக்கம் திரும்பி, அப்படியானால் இவள் யார் என்றார்.

"நம்ம ஹெண்டத்தி தங்கி மகளு."

மனைவியின் தங்கை மகளாம். கன்னட மீடியத்தில் படிக்கிற எனக்கு ஒரு எழுத்து தப்பாமல் விளங்கியது. சித்திக்கு அப்போது கல்யாணமே ஆகியிருக்கவில்லை. அம்மாவைப் பார்த்தேன். அவள் தன் முந்தானை நுனியை ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

அப்பாவின் கணக்கு சரிதான். மனைவி வழி என்றால் தன் ரத்தம் இல்லையே. ஆனால் டாக்டரும் இந்தப் பக்கத்து ஆள்தான், சொந்தத்துக்குள் கட்டும் வழக்கம் தெரிந்தவர். உங்களுக்குச் சொந்தத்தில் கல்யாணமா என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா அப்பாவின் அக்கா மகள். சொந்தத் தாய்மாமனைத்தான் கட்டியிருக்கிறேன் என்று பெருமையாகச் சொன்னாள். அப்படியானால் உன் தங்கை மகளுக்கும் இதே ரத்தம்தானே, இவளையும் கூட்டி வாருங்கள் என்றார் டாக்டர். அப்பா தலையை ஆட்டினார்.

ஆட்டியதோடு சரி. அடுத்த தடவை தம்பியை மட்டும் கூட்டிப்போனார்கள். அவனுக்கு இப்போதைக்கு ஒன்றும் இல்லை, அவ்வப்போது வந்து காட்ட வேண்டும் என்றார்களாம். திரும்பும்போது அவனுக்கு மசால் தோசை வேறு. நான் வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். என்னை ஏன் கூட்டிப்போகவில்லை என்று அம்மாவிடம் சண்டை போட்டேன்.

"பொட்டப்புள்ள பேர ஆஸ்பத்திரில எழுதிட்டா நாளைக்கு எவன் வந்து கட்டுவான்? வாய மூடிட்டு வேலயப் பாரு."

பையன் உயிரோடு இருக்க வேண்டும். பெண்ணுக்குக் கல்யாணம் ஆக வேண்டும். இந்த நியாயம் இன்றுவரை எனக்குச் செரிக்கவில்லை. எவனாவது வந்து கட்ட வேண்டும் என்று பதினொரு வயதில் நான் யாரிடமும் கேட்கவில்லை.

நான் அவர் மகளே இல்லை என்றால் டாக்டர் சொன்னது எதுவும் எனக்குப் பொருந்தாது அல்லவா? பள்ளி விளையாட்டு விழாவில் ஓட்டப்பந்தயத்துக்குப் பெயர் கொடுத்தேன். முழுக்க வீம்புதான். ஓடாதே என்று சொல்ல அப்பாவுக்கு வாய் வரவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பேனே. காலையில் என் தலையைத் தடவி, "மெதுவா ஓடு கண்ணு, கடேசியா வந்தாலும் பரவாயில்ல," என்றார். எந்த அப்பனாவது மகளிடம் இப்படிச் சொல்வானா? அந்தக் கோபத்திலேயே ஓடினேன். முதலாவதாக வந்தேன்.

மற்ற அப்பாக்கள் மரத்தடியில் நின்று கைதட்டினார்கள். என் அப்பா கயிற்றைத் தாண்டி மைதானத்துக்குள் ஓடிவந்தார், ஓடவே கூடாதவர். மண்டிபோட்டு, ஒரு கையால் என் முதுகைத் தாங்கி, மறு கையை என் நெஞ்சில் வைத்து அழுத்திக்கொண்டு அப்படியே இருந்தார். என்னைவிட அவருக்குத்தான் அதிகம் மூச்சு வாங்கியது. சபாஷ் என்று ஒரு வார்த்தை இல்லை. தோழிகள் எல்லாம் பார்க்கிறார்கள், எனக்கு மானம் போனது. "விடுப்பா" என்று அந்தக் கையைத் தட்டிவிட்டு, எவர்சில்வர் டிபன் பாக்ஸ் பரிசை வாங்கப் போனேன்.

நான் கல்லூரியில் படிக்கும்போது அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார். வேலைக்குச் சேர்ந்த பிறகு நானே போய்ப் படம் எடுத்துப் பார்த்தேன். என் இதயத்தில் ஒரு கோளாறும் இல்லை. அன்றைக்கே கூட்டிப்போயிருந்தால் அந்த டாக்டரும் இதைத்தான் சொல்லியிருப்பார். நான் ஓடிய ஒவ்வொரு தடவையும் அந்த மனிதர் செத்துப் பிழைத்திருக்க வேண்டியதில்லை. யாரோ ஒரு வரப்போகிற மாப்பிள்ளைக்காக எங்கள் அப்பாவின் நிம்மதியைப் பறித்துக்கொண்டார்கள் என்பதுதான் என் கோபம்.

ஆஸ்பத்திரிக்குத் தெரியாமல் என் இதயத்தைச் சோதித்துப் பார்க்க அவரிடம் அந்த ஒரு உள்ளங்கைதான் இருந்தது. நான் ஜெயித்தது அவருக்குப் பொறுக்கவில்லை என்றுதான் அன்று நினைத்துக்கொண்டேன்.