செருப்பு மாதிரி ஒரு படகு

அன்னூரில் பிறந்து வளர்ந்த எனக்கு, கல்யாணமாகி வந்த கடலோர அணுபுரம் வெளிநாடுதான். பாஸ்போர்ட் கேட்கவில்லை, அவ்வளவே. கதவைத் திறந்தால் காற்றிலேயே உப்பு. துவைத்த துணி காய்ந்தும் காயாமல் பிசுபிசுக்கும். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். "இன்னாக்கா, நாஸ்தா துன்னியா?" என்று முதல் நாளே ஒருமையில் கேட்ட பால்காரரைத்தான் பொறுக்க முடியவில்லை. எங்கள் கோவைப் பக்கம் கன்றுக்குட்டியைக்கூடத் "தள்ளுங்க" என்போம்.

கணவர் வேலைக்குப் போனபின் பொழுது போகாமல், பக்கத்துக் குப்பத்தில் பிள்ளைகளுக்கு நடக்கும் மாலைநேர மையத்தில் தன்னார்வலராகச் சேர்ந்தேன். படிப்போடு மனநலமும் பார்க்க வேண்டும் என்று பயிற்சி தந்து, ஒரு முகப்பலகையும் கொடுத்தார்கள். சிரிக்கிற முகம், அழுகிற முகம், கோப முகம். மனசு எப்படி இருக்கிறதோ அந்த முகத்தின் கீழே பிள்ளை தன் பெயரை ஒட்ட வேண்டும். முதல் வாரம் முழுக்க எல்லாப் பெயரும் சிரிப்பின் கீழேதான். அடடா, எவ்வளவு சந்தோஷமான குப்பம் என்று பூரித்துப்போனேன். ஒரு வாண்டுதான் போட்டு உடைத்தது: "அளுவுற மூஞ்சில ஒட்னா எங்கம்மாவ இட்டாரச் சொல்லுவ மிஸ்ஸு. எனக்கு இன்னா பைத்தியமா?"

நந்தினி மட்டும் எந்த முகத்திலும் ஒட்டவில்லை. எட்டாம் வகுப்பு. தினமும் பள்ளிக்குத் தாமதம். முதல் பீரியட் கணக்கு, அதனால் கணக்கில் முட்டை. இப்படியே போனால் படிப்பை நிறுத்தி மீன் விற்கக் கூட்டிப் போய்விடுவேன் என்று அவள் அம்மா செல்வி சொல்லிவிட்டார். நான் பிள்ளையைக் கூப்பிட்டு, எங்கள் ஊர் வழக்கப்படி, "உக்காருங்க கண்ணு, சொல்லுங்க, என்ன பிரச்சனைங்க?" என்றேன். அவள் வெளிறிப்போய் வீட்டுக்கு ஓடினாள். சற்று நேரத்தில் மீன்கூடையோடு செல்வி வந்து நின்றார்.

"இன்னாக்கா, எம்பொண்ண வாங்க போங்கன்றியாமே? அப்டி இன்னா தப்பு பண்ட்டா அவ?"

"மரியாதைக்குங்க..."

"எங்க வூட்ல சண்ட முத்துனாதான் வாங்க போங்கலாம் வரும்!"

மனசு விட்டுப் பேச வைக்கலாம் என்றுதான் கூப்பிட்டேன் என்றேன். எரிகிற தீயில் எண்ணெய். "எம்பொண்ணு லூசா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் காலை, பள்ளி நேரத்தில் அவள் எங்கேதான் நிற்கிறாள் என்று தேடிக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். யூனிஃபார்மும் புத்தகப்பையுமாக நந்தினி மணலில் நின்றிருந்தாள். "இன்னாடி கண்ணு, இங்க இன்னா பண்ற?" என்றேன். அந்த 'டி' என் வாயிலிருந்து வந்ததில் எனக்கே கூச்சம். அவளோ சட்டென்று பதில் சொன்னாள்.

"நைனா போட்டு இன்னும் வர்ல மிஸ்ஸு. போன மழைல கவுந்துச்சே. அது வந்தாதான் போவேன்."

படகு கவிழ்ந்த அன்று அவள் அப்பா ஏழுமலை நீந்திக் கரையேறிவிட்டார். பிள்ளையின் பயம்தான் போகவில்லை. படகு வந்த சேதியை வகுப்புக்கே அனுப்ப வழி உண்டா என்று ஏழுமலையிடமும் கணக்கு சாரிடமும் கேட்டேன்.

கரை நெருங்கினால் சிக்னல் கிடைக்கும், மிஸ்டு கால் கொடுக்கிறேன், மெசேஜெல்லாம் நமக்கு வராது என்றார் ஏழுமலை. பாடம் நடக்கும்போது போன் எடுக்க மாட்டேன், மெசேஜ் வந்தால் பார்க்கிறேன் என்றார் கணக்கு சார். நடுவில் மாட்டியவள் நான். மிஸ்டு கால் வந்ததும் சாருக்கு மெசேஜ் அனுப்புவேன். அவர் கரும்பலகை மூலையில் ஒரு படகு வரைவார். பார்க்கச் செருப்பு மாதிரி இருக்குமாம். அதைக் கண்ட பிறகுதான் நந்தினி நோட்டைத் திறப்பாளாம். அரையாண்டில் கணக்கில் பாஸ். செல்வி ஒரு கூடை சங்கரா மீன் கொண்டுவந்தார். நாங்கள் சைவம் என்று சொல்ல வாய் வராமல் வாங்கிக்கொண்டேன்.

போன மாதம் தங்கையின் வளைகாப்புக்கு அன்னூர் போயிருந்தேன். அன்று கடலில் காற்று என்று செல்வி முன்னமே சொல்லியிருந்தார். பள்ளி மணி அடிக்கும் நேரம் தாண்டியும் என் போன் அடிக்கவில்லை. பந்தியில் பெரிய மாமாவின் கேசரி மேல் சாம்பாரை ஊற்றினேன். "ஏனுங் கண்ணு, உடம்புக்கு முடியலீங்களா?" என்றார் அம்மா. அப்போதுதான் போன் ஒரு தடவை அடித்து நின்றது.

"வந்துட்டாரும்மா!" என்று வாளியோடு கத்தினேன்.

விருந்தாளியாக்கும் என்று நினைத்து அம்மா சொம்புத் தண்ணீரோடு வாசலுக்கு ஓடினார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு சாருக்கு மெசேஜ் தட்டி நிமிர்ந்தபோது, வெயில் காயும் வெறும் தெருவைப் பார்த்து அவர் கும்பிட்டுக்கொண்டிருந்தார்: "வாங்க, வாங்க, உள்ள வாங்க!"