சொல்முறியைக் காப்பாற்றக் கருங்கல் வரை

நாகர்கோவில் சந்திப்பில் இறங்கியபோது காலை ஏழு மணி. ராத்திரி முழுக்க மேல்படுக்கையில் புரண்டதில் கழுத்து ஒரு பக்கம் மட்டும்தான் திரும்பியது. வந்த வேலை என்னவோ சின்னதுதான். கருங்கல் பக்கத்தில் இருக்கும் ஷீபா என்ற பள்ளி ஆசிரியையைப் பார்த்து, மாதாமாதம் பணம் தருகிறோம், விட்டுவிடாதீர்கள் என்று கேட்க வேண்டும்.

அவர் எழுதிய நிரலின் பெயர் சொல்முறி. கடைகளில் கிழித்துக் கொடுக்கிற ஒல்லியான பில் தாளில், தமிழ்ச் சொல் எந்த இடத்தில் உடைந்து அடுத்த வரிக்குப் போக வேண்டும் என்பதை அது பார்த்துக்கொள்ளும். அது இல்லாவிட்டால் 'கொத்தமல்லி' என்ற சொல்லின் ஒற்றைக்கொம்பு ஒரு வரியிலும் மிச்சம் அடுத்த வரியிலும் கிடக்கும். யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தலாம், காசு கிடையாது. சென்னையில் எங்கள் நிறுவனம் விற்கும் பில் மென்பொருள் மொத்தமும் அதன் மேல்தான் நிற்கிறது. இந்த மாதக் கடைசியோடு சொல்முறியை மூடுகிறேன் என்று அவர் அறிவித்த அன்றைக்குத்தான் எங்கள் மேலாளருக்கு அதன் பெயரே தெரிந்தது.

அண்ணா பேருந்து நிலையத்தில் கருங்கல் பேருந்து கிடைத்தது. சீட்டு இருபத்தெட்டு ரூபாய். முப்பது கிலோமீட்டர்கூட இல்லாத தூரத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. திங்கள்சந்தையில் வாழைக்குலை ஏற்றிய வண்டி ஒன்று குறுக்கே நின்றுகொண்டு, நகர்வேனா என்றது. இருபக்கமும் தென்னை, வாழை, ரப்பர் என்று ஒரே பச்சை. ரசிக்கிற நிலையில் நான் இல்லை.

கருங்கலில் ஆட்டோக்காரர் அறுபது ரூபாய் கேட்டார். வீட்டு அடையாளம் சொன்னதுமே, "சொல்முறி கம்பெனி டீச்சர் வீடா?" என்றார். கம்பெனியா என்று திகைத்தேன். அவருடைய வாலிபால் கிளப்பின் போட்டிக்கு ஒரு கோப்பை வாங்கித் தரும்படி அந்தக் கம்பெனியில் என்னைச் சொல்லச் சொன்னார். பெரிய கம்பெனியாம், கோயில் நோட்டீசிலேயே பெயர் வந்ததாம்.

ஷீபா டீச்சருக்கு நாற்பது வயதிருக்கும். கணவர் மஸ்கட்டில். சனிக்கிழமையானதால் வீட்டில் இருந்தார். பால் விடாத கட்டன் சாயாவும் ஏத்தன் வாழைக்காய் வற்றலும் வைத்துவிட்டு, ஆட்டோக்காரர் கதையைக் கேட்டுச் சிரித்தார். சிரிப்பில் அசதிதான் கூடுதலாக இருந்தது.

இந்தப் பக்கம் கோயில் திருவிழா பத்து நாளும், ஒவ்வொரு நாள் செலவையும் ஒரு குடும்பமோ வெளிநாட்டில் இருப்பவர்களோ ஏற்பார்கள். 'சிறப்பிப்போர்' என்று நோட்டீசில் அவர்கள் பெயர் அச்சாகும். சொல்முறிக்கு நன்கொடையாக வந்த பணத்தைத் தன் பெயரில் வைத்துக்கொள்ளக் கூச்சப்பட்டு, ஒரு வருடம் ஆறாம் நாள் திருவிழாவுக்குக் கொடுத்துவிட்டார் டீச்சர். நோட்டீசில் 'சிறப்பிப்போர்: சொல்முறி' என்று வந்தது. அதிலிருந்து ஊரில் அவர் முதலாளியம்மா ஆகிவிட்டார். இணையத்தில் பிழை சொல்லி ஒரு கூட்டம், வாசலில் ரசீதுப் புத்தகத்தோடு ஒரு கூட்டம்.

பணம் வந்த வழிகளையும் சொன்னார். நன்கொடைப் பொத்தான் வைத்தபோது, ஒரு சாயாக் காசு போட்டவர் ராத்திரிக்குள் திருத்தித் தரும்படி அதட்டினாராம். ஒரு பிழையைத் திருத்தினால் இவ்வளவு பரிசு என்று ஓர் அமைப்பு அறிவிக்க, தமிழ் எழுத்தே தெரியாதவர்கள் திருத்தம் அனுப்பினார்களாம். அதையெல்லாம் படித்துத் தள்ளவே தனியாக ஓர் ஆள் வேண்டியிருந்தது. ஓர் அறக்கட்டளை நிதி தந்து அறிக்கை கேட்டது. அறிக்கை எழுதிய காலத்தில் நிரலைத் தொடவே முடியவில்லை.

நான் எங்கள் தொகையைச் சொன்னேன். நல்ல தொகைதான், சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

"பைசா அனுப்ப நெறய ஆளுண்டு சார். திருவிழாவுக்கும் அப்பிடித்தான். பத்து நாளைக்கும் சிறப்பிக்க போட்டி போடுவாவ, சப்பரம் தூக்க வந்தா தோளு தர ஆளில்ல. உங்க ஆபீசில ஒரு ஆள வெள்ளிக்கிழமைதோறும் இதுக்குத் தாருங்க. பாதி பாரத்த அவரு சுமக்கட்டு. பைசா வேண்டாம்."

இன்றோடு மாதம் முடிகிறது, சாயங்காலம் வரை பொறுக்கிறேன், சரியென்றால் மூடமாட்டேன் என்றார். இவ்வளவுதானா என்று தோன்றியது. கருங்கல் பேருந்து நிலையத்தில் நின்று மேலாளரை அழைத்தேன். தொகையை இரட்டிப்பாக்கலாம் என்றார். ஆளைத் தர முடியாதாம், வெள்ளிக்கிழமைகளில் வாடிக்கையாளருக்குப் புதிய பதிப்பு போக வேண்டுமாம். கெஞ்சிப் பார்த்தேன். மூன்று மடங்கு ஆக்கினார். எரிச்சலில் அழைப்பைத் துண்டித்துவிட்டு, டீச்சருக்கு முடியாதென்று செய்தி அனுப்பினேன். "சாரமில்ல சார்" என்று பதில் வந்தது, பரவாயில்லை என்பதற்கு அந்த ஊர்ச் சொல்.

சென்னையில் எங்கள் அடுக்ககத்திலும் பராமரிப்புத் தொகையை எல்லாரும் முதல் தேதியே கட்டிவிடுகிறோம். செயலாளராக ஆள் கேட்கும் கூட்டத்தன்று மட்டும் எல்லாருக்கும் வெளியூரில் கல்யாணம் வந்துவிடும். குறை சொல்ல எனக்கு வாயில்லை.

மாலை ரயில் வள்ளியூரைத் தாண்டும்போது சொல்முறியின் பக்கத்தைத் திறந்தேன். இனி இதில் யாரும் எதுவும் எழுத முடியாது என்று பூட்டியிருந்தது. சற்று நேரத்தில் டீச்சரிடமிருந்து இன்னொரு செய்தி.

"பிள்ளையளோட குளச்சல் கடலுக்கு வந்திருக்கேன் சார். லேப்டாப்பு வீட்டில இருக்கு."

அவருக்காக மனசு லேசானது. திங்கட்கிழமை காலை மேலாளர் என்னிடம் கேட்கப்போவதும் தெரிந்ததுதான்: தொகையைச் சரியாகச் சொன்னீரா?